சூடு எங்கே போச்சு?

குன்னூர் லாட்ஜ் ஒன்றில் நாலு நாளாகப் பாய்லர் கொதிக்கிறது; ஆனால் குழாயில் வருவதென்னவோ பச்சைத் தண்ணீர். மூன்று மெக்கானிக்குகள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள்.

மாடியில் குடியிருக்கும் முதலாளி பொன்னுரங்கம், அறைகளைக் கூட்டும் மாதம்மாளிடம் கத்தினார்: "நீதான் எதையோ திருகியிருக்கே! பத்து மணிக்குள்ள சரியாகலைன்னா வேலைக்கு வராதே!"

'கொதிச்ச சூடு எங்கே போகுது?' என்று ஒவ்வொரு குழாயாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனாள் மாதம்மாள். சற்று நேரத்தில் எல்லா அறையிலும் ஆவி பறந்தது.

"எங்கே இருந்துச்சு கோளாறு?"

"ஒரு கை ஷவர்லங்க. சுடுதண்ணி, பச்சத்தண்ணி ரெண்டையும் திறந்தே விட்டுட்டு, ஷவர் விசையை மட்டும் மூடியிருக்காங்க. வெளியே போக வழியில்லாம பச்சத்தண்ணி சுடுதண்ணிக் குழாய்க்குள்ள ஏறிடுச்சு."

"எந்த மடையன் ரூம் அது?"

"அந்த ரூமுக்கு நம்பர் இல்லீங்க. உள்ளே உங்க வேட்டி காயுது."