கோட்டைத் தொட்ட செல்கள்

காந்தப்புல ஆய்வில் விளைவு கண்டவர்களின் பெயர்கள் மேற்கோள் பட்டியல்களில் அழகாக அணிவகுக்கும். பூங்கோதையின் பெயர் எந்தப் பட்டியலிலும் இராது. ஆகவே முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

பூங்கோதை முனைவர் பட்ட மாணவி. மார்பகப் புற்றுநோய்ச் செல்களை இரண்டு குடுவைகளில் வளர்த்தாள். ஒன்றைக் கம்பிச்சுருளுக்குள் வைத்து, மின்சாரம் பாய்ச்சி, குறைந்த அதிர்வெண் காந்தப்புலத்தில் நான்கு நாள் இருத்தினாள். மற்றதற்கும் அதே போன்ற சுருள்தான். மின்சாரம் மட்டும் கிடையாது. பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு துளி எடுத்து, கட்டம் பொறித்த கண்ணாடியில் இட்டு, நுண்ணோக்கியில் எண்ணினாள். புலம் பட்ட குடுவையில் செல்கள் எப்போதும் குறைவு.

பக்கத்து மேசை சகாயராணி எண்ணினால் மட்டும் குறையவில்லை.

பூங்கோதை தன் நெறியாளரான பேராசிரியர் மரகதவல்லியிடம் போனாள்.

"மேடம், நான் எண்ணினால் குறைகிறது. அவள் எண்ணினால் இரண்டும் ஒன்றாக இருக்கிறது. ஒன்றும் புரியவில்லை."

"உனக்கு எது வேண்டும்?"

"குறைய வேண்டும், மேடம். மார்ச்சில் என் பதிவுக் காலம் முடிகிறது. விளைவு இல்லையென்றால் ஆய்வேடே இல்லை."

"இதைக் கோயிலில் சொல்ல வேண்டும். வழி தவறி ஆய்வகத்துக்கு வந்துவிட்டாய். போய் டீ குடித்துவிட்டு வா."

திரும்பி வந்தபோது குடுவைகளின் பெயர்ச்சீட்டுகள் உரிக்கப்பட்டிருந்தன. ஒன்று, இரண்டு என்ற எண்கள் மட்டும் இருந்தன. முதல் துளி நுண்ணோக்கியின் கீழ் தயாராக இருந்தது.

"எண்ணு."

பூங்கோதை எண்ணத் தொடங்கினாள். பாதியில், எண்ணிக்கைக் கருவியை அழுத்திக்கொண்டிருந்த விரல் நின்றது.

"என்ன?"

"ஒரு செல் கோட்டின்மேல் கிடக்கிறது, மேடம்."

"மேல்கோட்டையும் இடக்கோட்டையும் தொட்டால் சேர்; மற்றக் கோடுகளைத் தொட்டால் விடு. முதலாண்டுப் பாடம்."

"தெரியும். ஆனால் இது தொடுகிறதா, இல்லையா என்றே தெரியவில்லை."

"இத்தனை நாள் எப்படித் தெரிந்தது?"

பூங்கோதை கண்ணை எடுக்காமலே கேட்டாள்:

"இது எந்தக் குடுவை, மேடம்?"

"சொன்னால் செல் நகர்ந்துவிடுமா?"

அன்றும், அதன்பின் சீட்டில்லாமல் எண்ணிய பதினோரு முறையும், வேறுபாடு தென்படவில்லை. புலம் ஒன்றும் செய்யவில்லையா, செய்தது தன் கண்ணுக்கு அகப்படவில்லையா என்பது அவளுக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்றே ஆய்வேட்டில் எழுதினாள். பதிவை நீட்டிக்க நேர்ந்தது. பட்டம் ஒன்றரை ஆண்டு தாமதமாக வந்தது. கட்டுரையை மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பின. இப்போது திண்டுக்கல்லில், ஒரு பரிசோதனை நிலையத்தில் இரத்த அணுக்களை எண்ணுகிறாள்.