அச்சுடைந்த சீமாட்டி

ஈச்சங்குடி என்று ஒரு பாளையம். அதற்கு ராஜா சொக்கலிங்க பூபதி. பெரிய படை கிடையாது. பெரிய புத்தியும் கிடையாது. பீங்கான் பொம்மை மட்டும் நிறைய இருந்தது.

சாதாரண பொம்மை இல்லை. அச்சுடைந்த பொம்மை. அதாவது, செய்தவன் அச்சை உடைத்துவிட்டான், இனி அந்தப் பொம்மை உலகத்தில் வராது. அப்படிச் சொன்னால் போதும், மூக்கு கோணலாக இருந்தாலும் ராஜா வாங்கிவிடுவார். ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒருத்தி. குழல் ஊதும் தொப்பைக்காரன். காது போன நாய் ஒன்று. எல்லாம் கொலுமண்டபத்தில், பட்டுத் துணிமேல். மந்திரிகள் நிற்பார்கள். நாய் உட்கார்ந்திருக்கும்.

இந்தப் பித்துக்குத் தீனி போட்டவன் வெங்குசாமி. துறைமுகத்திலிருந்து வந்துபோகும் வியாபாரி. ஒருநாள் பெரிய மரப்பெட்டியோடு சபைக்கு வந்தான். வைக்கோலுக்குள் கையை விட்டு ஒரு பொம்மையை எடுத்தான். குடை பிடித்த சீமாட்டி. ஒரு சாண் உயரம்.

"மகாராஜா, இதைச் செய்த குயவன் என் கண்ணெதிரே அச்சை உடைத்தான். அன்றைக்கே செத்தும் போனான். உலகத்தில் இது ஒன்றுதான்."

ராஜா முன்னால் சாய்ந்தார். "விலை?"

"ஆலங்கண்மாய்."

ஆலங்கண்மாய்த் தண்ணீரில்தான் மூன்று ஊர் நெல் விளைகிறது. அது இவன் கைக்குப் போனால், மடையைத் திறக்கச் சொல்லி இவன் காலில்தான் விழவேண்டும். ராஜாவுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. ஓலை எழுதுகிறவனைக் கூப்பிட்டுவிட்டார்.

திருமேனி முன்னால் வந்தான். சபையில் அவனுக்கு வேலை என்று ஒன்றும் கிடையாது. வாய் மட்டும் வேலை செய்யும். அந்த மூன்று ஊரில் ஒன்று அவன் ஊர்.

"வாங்குங்கள் மகாராஜா. யார் வேண்டாம் என்றது? ஆனால் சுண்டிப் பார்த்தீர்களா?"

"எதை?"

"பொம்மையைத்தான். என் பெண்டாட்டி குழம்புச்சட்டி வாங்கினாலே நாலு தடவை சுண்டிப் பார்ப்பாள். நாம் கண்மாயைக் கொடுத்து வாங்குகிறோம். உள்ளே கீறல் இருந்தால்?"

ராஜாவுக்கு நியாயமாகப் பட்டது. "சரி, சுண்டு."

திருமேனி சீமாட்டியை இடுப்பில் பிடித்தான். காதருகே கொண்டுபோனான். ஒரு சுண்டு சுண்டினான். சீமாட்டி நழுவிக் கருங்கல் தரையில் விழுந்தாள். குடை ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்.

ராஜா எழுந்துவிட்டார். "இவன் தலையை எடுங்கள்."

"எடுப்பது இருக்கட்டும் மகாராஜா, என் விலை?" என்றான் வெங்குசாமி. "உடைத்தது உங்கள் ஆள்."

"உனக்குக் கண்மாய். எனக்கு இவன் தலை."

"தாராளமாக எடுங்கள்" என்றான் திருமேனி. "பட்டுத் துணிமேல் வைக்கிற மாதிரித் தலையும் இல்லை. ஒரே வருத்தம், இதே மாதிரி இன்னொன்று இருந்தால் என் பத்துக் குறுக்கம் நன்செயைக் கொடுத்தாவது வாங்கி உங்கள் கையில் வைத்திருப்பேன். அச்சு உடைந்துவிட்டதே. குயவனும் போய்விட்டானே."

வெங்குசாமி தொண்டையைச் செருமினான். "பத்துக் குறுக்கமா? இரண்டு போகமா?"

"மூன்று. வாய்க்காலை ஒட்டி."

"அது வந்து... அந்தக் குயவனுக்கு ஒரு மகள். அவள் விளையாட ஒன்று செய்து கொடுத்திருந்தான். எனக்கு மறந்தே போச்சு." வைக்கோலுக்குள் கை போனது. குடை பிடித்த சீமாட்டி வந்தாள்.

ராஜாவின் முகத்தில் பல் தெரிந்தது. "கொடு, கொடு."

நடுவில் திருமேனி வாங்கிக்கொண்டான். "போவது என் நன்செய். நான் சுண்ட வேண்டாமா?"

சுண்டினான். விழுந்தது.

யாரோ வாளை உருவினார்கள்.

"வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது" என்றான் திருமேனி. "இனி என்னிடம் மிச்சம் வீடும் ஒரு ஜோடிக் காளையும்தான். அதையும் கொடுத்துவிடுவேன். ஆனால் குயவனுக்கு ஒரே மகளாமே."

"இரண்டு" என்றான் வெங்குசாமி.

சபை முழுக்க அவனையே பார்த்தது. அவனுக்குச் சபை தெரியவில்லை, காளைகள்தான் தெரிந்தன. "மூத்தவளுக்கு மட்டும் கொடுத்தால் இளையவள் அழமாட்டாளா? நீங்களே சொல்லுங்கள்." மூன்றாவது சீமாட்டி தலையில் வைக்கோலோடு வெளியே வந்தாள்.

இந்தத் தடவை ராஜாவே கையை நீட்டினார். சொக்கலிங்க பூபதி முட்டாள்தான். அதற்கும் ஓர் அளவு உண்டு. கையிலிருந்த பொம்மையைப் பார்த்தார். தரையில் கிடந்த இரண்டு தலைகளைப் பார்த்தார். மூன்றும் ஒரே மாதிரி இளித்தன. காதருகே வைத்துச் சுண்டினார். பிறகு விரல்களை விரித்துவிட்டார்.

"வெங்குசாமி, அந்தக் குயவனுக்கு மொத்தம் எத்தனை பெண்கள்?"

வெங்குசாமி பெட்டியை மூடப் போனான். காவலர்கள் பெட்டியிலிருந்த வைக்கோலை விலக்கினார்கள். குடை பிடித்தபடி நாற்பத்தொரு சீமாட்டிகள் படுத்திருந்தார்கள்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். பட்டுத் துணிமேல் இருந்த நாயைப் பார்த்ததும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. எடுத்த ஓலையிலேயே ஆலங்கண்மாய் மூன்று ஊருக்கும் சொந்தம் என்று எழுதச் சொன்னார். பெட்டி இங்கே இருக்கட்டும், நீ நடந்து போ என்று வெங்குசாமியை விரட்டினார்.

"திருமேனி, இந்த நாற்பத்தொன்றும் உனக்குப் பரிசு. வீட்டுக்குக் கொண்டுபோ."

திருமேனி கும்பிட்டான்.

"வேண்டாம் மகாராஜா. குயவனே போய்ச் சேர்ந்துவிட்டான். நாற்பத்தொரு பெண்களுக்கு நான் எங்கே போய் மாப்பிள்ளை தேடுவேன்?"