கிழக்கே பார்த்த சட்டம்

கூடாரமலை மடத்துக்கு வந்தபோது பக்கிரிசாமிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. மடத்தை நடத்திவந்த தையல்நாயகி அம்மா அவரைவிட வயதில் மிகவும் இளையவர். ஆனாலும் வந்ததும் வராததுமாக அவர் காலில் பக்கிரிசாமி விழுந்தார். கடலில் காலம் கழித்தவர். விழுவது என்று முடிவு செய்துவிட்டால் யோசிக்க மாட்டார்.

எழுந்ததும் கேட்டார்.

“எம்மவன் ஊருல இருக்குற எல்லார்கிட்டயும் பேசுறான். எங்கிட்ட மட்டும் பேச மாட்டேங்குறான். அது ஏம்மா?”

“அவன் பேசணும்னு நீங்க என்ன செய்றீங்க?”

“எதிர்ல உக்கார வச்சு நேருக்கு நேராக் கேக்குறேன். ஏன்டா பேச மாட்டேங்குறேன்னு மூஞ்சியப் பாத்துக் கேக்குறேன்.”

அம்மா முற்றத்துத் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

“தொட்டியில தண்ணி இல்லை. கொஞ்சம் இறைச்சு ஊத்துறீங்களா?”

பக்கிரிசாமி இறைத்து ஊற்றினார். பதில் அடுத்த நாள் கிடைக்கும் என்று நினைத்தார். அடுத்த நாளும் தொட்டி காலியாகத்தான் இருந்தது. ஆவணியில் வந்தவர் ஐப்பசி வந்தும் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

மகன் பெயர் கவியரசன். பெயர்தான் அப்படி. அப்பாவிடம் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். அவனைப் பெற்ற அமிர்தவல்லி இறந்ததிலிருந்து இப்படி. படகுக்கு அவள் பெயரை வைத்திருந்தார்கள். அந்தப் படகை மகனிடம் விட்டுவிட்டுத்தான் பக்கிரிசாமி மலைக்கு வந்தார். கிளம்பும்போதும் அவனை எதிரே நிறுத்தி, “இப்பவாவது ஏதாச்சும் சொல்லுடா” என்று கேட்டுப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஐப்பசிக் கடைசியில் கடலில் புயல் கிளம்பியது.

மடத்துக்குப் பின்னால் ஒரு பாறை உண்டு. அதன்மேல் ஏறி நின்றால்தான் செல்போன் எடுக்கும். பக்கிரிசாமி ஏறி நின்று ஊருக்குப் பேசினார். பக்கத்து வீட்டு அஞ்சப்பன் எடுத்தார்.

“கவியரசன் படகு இன்னும் வரலண்ணே. நாலு பேரு போயிருக்காங்க. கரை வந்த படகுங்க பேரை சாயங்காலம் ரேடியோல வாசிக்கிறாங்க. நம்ம ஸ்டேசன்தான். நீங்களும் கேளுங்க.”

அதற்கு மேல் அஞ்சப்பன் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. காற்றில் எங்கோ செல்போன் கோபுரம் சாய்ந்துவிட்டது. போனில் ஒரு கோடுகூட இல்லை. மலைப்பாதையில் மரங்கள் விழுந்து பஸ் நின்றது. நடந்தே இறங்கிவிடலாம் என்று போனவரை, வழியில் பொங்கி வந்த ஓடை திருப்பி அனுப்பியது.

சமையலறையில் ஒரு பழைய ரேடியோ இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு பக்கிரிசாமி உட்கார்ந்தார். முள்ளைத் தன் ஊர் ஸ்டேஷனில் நிறுத்தினார். ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்கு அடியில் யாரோ அடுத்த தெருவில் பேசுவது போல ஒரு குரல். படகுப் பெயர்களாகத்தான் இருக்க வேண்டும். ஒன்றுகூட விளங்கவில்லை. காதை ரேடியோவோடு ஒட்டிவைத்துக் கேட்டார். குரல் நின்றுபோனது. வேறு ஏதோ பாட்டு வந்தது.

அன்று அவர் சாப்பிடவில்லை. பயந்துபோயிருந்தார். புயல் கண்டால் வெளியே தெரியாமல் பயப்படுவது கடல்காரர்கள் வழக்கம். பிள்ளை கடலில் இருந்தால் அந்த வழக்கமெல்லாம் நிற்பதில்லை.

விடிந்ததும் அம்மாவிடம் வந்தார்.

“உடைஞ்ச ஜன்னல் சட்டம் ஒண்ணு கொல்லையில கெடக்கே. எடுத்துக்கட்டுமா?”

“எதுக்கு?”

“ஏரியல் கட்டப் போறேன். எங்கூர்ல ஒரு ரேடியோக்காரரு கட்டி வச்சிருந்தாரு. தூரத்து ஸ்டேசன்லாம் பக்கத்துல பேசுறாப்ல கேக்கும்.”

“எடுத்துக்குங்க.”

சட்டத்தின் நான்கு மூலையிலும் ஆணி அடித்தார். கிணற்று மோட்டாருக்கென்று வாங்கி வைத்திருந்த செம்புக் கம்பிச் சுருளைக் கேட்டு வாங்கினார். ஆணிகளைச் சுற்றிச் சுற்றி, ஒரு சுற்று இன்னொன்றின்மேல் ஏறாமல், வலை விளிம்பில் கயிறு ஓட்டுவது போலக் கம்பியை ஓட்டினார். பரணில் கிடந்த செத்துப்போன ரேடியோ ஒன்றைப் பிரித்து, ஸ்டேஷன் மாற்றத் திருகும் கண்டென்சரைக் கழற்றினார். கம்பியின் இரண்டு நுனியிலும் மேல்பூச்சைச் சுரண்டி அதில் முறுக்கினார். சட்டம் நிற்பதற்கு அடியில் ஒரு பலகை அடித்தார். பலகைமேல் ரேடியோவை வைத்துக் கட்டினார்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே பார்த்திருந்தார்.

“இதுலேருந்து ரேடியோவுக்குக் கம்பி எதுவும் போகலையே?”

“வேணாம்மா.”

“சேர்க்காம எப்படிக் கேக்கும்?”

“பக்கத்துல இருந்தா போதும். தானா ஏறிக்கும்.”

“அப்படியா?” என்றார் அம்மா. கீரையில் ஒரு பூச்சி இருந்தது. அதை எடுத்து வெளியே விட்டார்.

மாலையானது. மழை விடவில்லை. மடத்துச் சுவர்களெல்லாம் கருங்கல். கல் மறைக்காத இடம் வேண்டுமென்று பக்கிரிசாமி சட்டத்தை முன் மண்டபத்தின் கிழக்கு வாசலில் கொண்டுவந்து வைத்தார். கடல் கிழக்கே. ஸ்டேஷனும் கிழக்கே. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கடல் இருக்கும் பக்கம் கையை நீட்டிவிடுவார். வாசல் முழுக்க அடைத்துக்கொண்டு சட்டம் கிழக்கைப் பார்த்து நின்றது. சற்றும் சாயாமல் அவ்வளவு நேராக வைத்திருந்தார்.

ரேடியோவைப் போட்டுக் கண்டென்சரை மெல்லத் திருகினார்.

பாட்டு வந்தது. தெற்கத்தி ஸ்டேஷன் ஒன்று. மண்டபமே அதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் திருகினார். வடக்கே எங்கிருந்தோ ஒரு பெண் உரத்துக்கு விலை சொன்னாள். அவ்வளவு சுத்தமாக இதற்கு முன் அந்த ரேடியோ பேசியதே இல்லை. தன் ஸ்டேஷனுக்கு வந்தார். அங்கே ஒன்றுமில்லை. நேற்று இரைச்சலுக்கு அடியில் கேட்ட குரலும் இன்று போயிருந்தது. அந்த இடத்திலும் தெற்கத்திப் பாட்டே வழிந்தது.

சட்டத்தை இன்னும் நேராக்கினார். பலகைக்கு அடியில் ஓட்டுச் சில்லு வைத்து நிமிர்த்தினார். கிழக்கை ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்தார். பாட்டு இன்னும் பலமாக வந்தது.

பக்கிரிசாமிக்கு அழுகை முட்டியது.

“எல்லாரும் பேசுறாங்க. நான் எவங்களப் பாத்துக்கிட்டு நிக்கிறனோ அவங்க மட்டும் பேசல.”

யாரிடமும் சொல்லவில்லை. வாசலைப் பார்த்துச் சொன்னார்.

அந்த நேரம் அம்மா மழையில் நனைந்தபடி அடுக்களையிலிருந்து கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசலில் வழி இல்லை.

“பானை சுடுது. வழி விடுங்க.”

“கொஞ்சம் பொறுங்கம்மா. இப்பதான் நேரா வச்சிருக்கேன். அசைச்சுட்டா…”

அம்மா பொறுக்கவில்லை. இடுப்பால் சட்டத்தின் ஒரு ஓரத்தைத் தள்ளினார். கதவு திறப்பது போல அது பலகையோடும் ரேடியோவோடும் சேர்ந்து திரும்பியது. விளிம்பு கிழக்கைப் பார்க்க, ஒடுங்கி நின்றது. அந்த இடைவெளியில் அம்மா உள்ளே வந்தார்.

பாட்டு அறுந்தது.

ஓர் ஆண்குரல் மண்டபத்துக்குள் வந்து நின்றது. சளி பிடித்த குரல். பக்கிரிசாமிக்குப் பழகிய குரல்.

“…வேலாயி அம்மன், ஐந்து பேர், நலம். கடல்முத்து, மூன்று பேர், நலம். இத்துடன் இன்று கரை சேர்ந்த படகுகளின் பெயர்கள் முடிவடைகின்றன.”

சட்டத்தைப் பிடிக்க நீட்டிய பக்கிரிசாமியின் கை நீட்டியபடியே நின்றது.

“முடிஞ்சுபோச்சே அம்மா.”

அம்மா பானையை இறக்கி வைத்தார். “உக்காருங்க.”

“பேரு முன்னாலயே வாசிச்சுட்டாங்களா, வாசிக்கவே இல்லையா? எப்படித் தெரியும்?”

“உக்காருங்க.”

உட்கார்ந்தார். கை மறுபடி சட்டத்தின் பக்கம் போனது. அம்மா தலையை மட்டும் அசைத்தார். பக்கிரிசாமி கையை மடியில் வைத்துக்கொண்டார். ரேடியோவில் காற்றின் வேகம் சொன்னார்கள். அலையின் உயரம் சொன்னார்கள். யாரும் கடலுக்குப் போக வேண்டாம் என்றார்கள். போனவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பக்கிரிசாமி சட்டத்தையும் பார்க்கவில்லை, கிழக்கையும் பார்க்கவில்லை. மழை ஒழுகும் ஓட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

குரல் ஒருமுறை இருமியது.

“நேயர்கள் கேட்டுக்கொண்டபடி படகுகளின் பெயர்கள் மீண்டும் வாசிக்கப்படுகின்றன. அமிர்தவல்லி. நான்கு பேர். நலம். கோடியக்கரையில் கரை சேர்ந்தது.”

அதற்குப் பிறகு வாசித்த பெயர்கள் எதுவும் அவர் காதில் விழவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. இறந்துபோன மனைவியின் பெயரை யாரோ ஊருக்கெல்லாம் கேட்கும்படி சொல்லி, அவள் நலம் என்றும் சொன்னது போலிருந்தது. மனதிலிருந்த கல் இறங்கிவிட்டது. இறங்கியதும் வயிறு பசித்தது.

அம்மா கஞ்சி ஊற்றினார். பக்கிரிசாமி இரண்டு சட்டி குடித்தார். மூன்றாவதுக்குச் சட்டியை நீட்டும்போது கொஞ்சம் வெட்கப்பட்டார். அம்மா கவனிக்காதது போல ஊற்றினார்.

வயிறு நிறைந்ததும் பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார். எழுந்துபோய்ச் சட்டத்தை முன்போல நேராகக் கிழக்கே பார்க்க வைத்தார். குரல் போய்ப் பாட்டு வந்தது. விளிம்பைத் திருப்பினார். பாட்டு போய்க் குரல் வந்தது. மறுபடி செய்தார். மறுபடியும் செய்தார்.

“அம்மாவுக்கு இது முன்னாடியே தெரியுமா?”

“எது?”

“ஓரத்தக் காட்டினாத்தான் பேசும்னு.”

“நான் உள்ள வரணும். அது குறுக்க நின்னுச்சு. தள்ளினேன்.”

“நெஜமாவா?”

“பானை சுட்டுச்சு.”

பக்கிரிசாமி அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை.

மழை விட்டது. மரங்களை வெட்டி ஒதுக்கினார்கள். முதல் பஸ் மேலே வருகிறது என்று கேள்விப்பட்டதும் பக்கிரிசாமி மஞ்சள் பையில் வேட்டியை மடித்து வைத்தார். சட்டத்தை மடத்துக்கே விட்டார். அம்மாவிடம் சொல்லிக்கொள்ள வந்தார். அம்மா தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“போயிட்டு வர்றேம்மா. கவியரசனப் பாக்கணும்.”

“பாருங்க.”

“போன உடனே அவன்கிட்ட என்னன்னு கேக்க?”

அம்மா துடைப்பத்தை நிறுத்தினார்.

“கடைசியா அவன் உங்ககிட்ட நல்லாப் பேசினது எப்போ?”

“அது அவ இருந்தப்ப. மணல்ல உக்காந்து கிழிஞ்ச வலையத் தைக்கும்போது. வாய் ஓயாது. பள்ளிக்கூடத்துக் கதை, மீன் கதை, எவனையோ அடிச்ச கதை, எல்லாம் சொல்லுவான்.”

“நீங்க என்ன கேப்பீங்க?”

“நான் எங்க கேட்டேன்? எம்பாட்டுக்குத் தைச்சுக்கிட்டிருப்பேன். அந்த ஓரத்துலேருந்து அவன் தைச்சுக்கிட்டு வருவான்.”

“அவன் முகத்தைப் பாப்பீங்களா?”

“வலையப் பாத்துக்கிட்டுல்ல தைக்கணும்.”

கீழே வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. பக்கிரிசாமி நகரவில்லை.

“இந்தப் புயல்ல அவன் வலை கிழிஞ்சிருக்கும்” என்றார் மெல்ல.

“இருக்கும்.”

“ஆனா அம்மா, மொத நாளு நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லலையே?”

அம்மா தொட்டியைக் கழுவி முடித்தார். காலியான வாளியை இந்த முறை அவரிடம் நீட்டாமல் தானே எடுத்துக்கொண்டார்.

“எனக்கென்ன தெரியும்? பக்கத்துல இருந்தா போதும்னு நீங்கதானே சொன்னீங்க.”