பர்வீன் ஏறிய பஸ்

"பஸ் ஓடாது, டைரக்டர்."

அம்பலவாணன் மூச்சு வாங்க வந்து சொன்னார்.

டிரைவர் தெரிந்த வித்தையெல்லாம் காட்டிப் பார்த்துவிட்டார். இன்ஜின் ஒரு இருமல் இருமிவிட்டு அடங்கிப்போனது. வேறு பஸ் கேட்டு ஊர் முழுக்கப் போன் போட்டாயிற்று. முகூர்த்த நாள். ஒரு வண்டியும் காலியில்லை.

ஜெசிந்தா கேட்டுக்கொண்டே வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அம்பலவாணனோ இன்சூரன்ஸ் ஆபீஸில் உட்கார்ந்தே தலை நரைத்தவர். அவளுடைய குறும்படம் ஒன்றைப் பார்த்த கையோடு விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு, சினிமா சொல்லித் தாருங்கள் என்று அவள் வீட்டு வாசலில் போய் நின்றார். அன்றிலிருந்து அவளுக்கு அவர் அண்ணாச்சி. அவருக்கு அவள் டைரக்டர்.

இன்று கடைசிக் காட்சி. புகுந்த வீட்டை விட்டுக் கிளம்பிய ஒருத்தி பஸ்ஸில் போகிறாள். ஊர் பின்னால் நகர நகர அவள் முகம் தெளிய வேண்டும். அவ்வளவுதான்.

நடிப்பவள் பர்வீன். நர்ஸ். சம்பளம் வாங்காமல் நடிக்க வந்தவள், மற்றவர்களும் அப்படித்தான். மறுநாள் அவளுக்கு மஸ்கட் விமானம். இன்றைக்கு விட்டால் படம் அரைகுறையாக நின்றுவிடும். வெயிலும் இறங்கிக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பக்கத்து வேப்பமரத்தில் நீளமாக ஒரு கிளையை ஒடித்தாள். அம்பலவாணன் கையில் கொடுத்தாள்.

"என்ன இது?"

"மரம்."

"நான் என்ன செய்யணும்?"

"ஓடுங்க, அண்ணாச்சி."

அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் முகம் சுண்டிப்போனது. பஸ் நிற்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல் போகுமா என்று கேட்டார்.

"நீங்க நடந்தா தெரியும்."

மற்றவர்களும் ஆளுக்கொரு கிளை ஒடித்துக்கொண்டார்கள். இரண்டு பேர் பின் பம்பரில் ஏறி நின்று பஸ்ஸைக் குலுக்கினார்கள். டீக்கடையிலிருந்து வந்த மேசை விசிறி பர்வீனின் முந்தானையைப் பறக்கவிட்டது. பஸ்ஸுக்குள் ஜெசிந்தாவின் பக்கத்தில் கேமரா அவள் முகத்தையும் ஜன்னலையும் மட்டும் பார்த்தது.

முதல் தடவை கிளைகள் மொத்தமாக வந்து ஜன்னலில் முட்டின. பர்வீன் சிரித்துவிட்டாள்.

அடுத்த தடவை அம்பலவாணன் வேட்டி தடுக்கி விழுந்தார். எழுந்து மடித்துக் கட்டிக்கொண்டார்.

மறுபடியும் ஓடினார்கள்.

கிளையைத் தூக்கிப் பிடித்தபடி ஜன்னலை ஒட்டிப் பின்பக்கம் ஓட வேண்டும். குனிந்து முன்பக்கம் வர வேண்டும். திரும்ப ஓட வேண்டும். அவருக்கு நெஞ்சு படபடத்தது. ஆனால் கால் நிற்கவில்லை. ஒரு தடவை ஓடும்போது கையிலிருந்தது தண்ணீர்த்தொட்டி என்று நினைத்துக்கொண்டார். அடுத்த தடவை பள்ளிக்கூடம். அப்புறம் வாய்க்கால் பாலம். அப்புறம் அவருடைய இன்சூரன்ஸ் ஆபீஸே வந்தது. அங்கே இன்னும் வேகம் பிடித்தார்.

காற்று முகத்தில் அடித்தது. எங்கிருந்தோ சிரிப்பு பொங்கி வந்தது. ஜன்னலைக் கடக்கும்போதெல்லாம் பர்வீனின் முகம் கண்ணில் பட்டது. கண் நிறைந்திருந்தது. பிறகு வழிந்தது. பிறகு அவள் தலையை நிமிர்த்தி எதிரே பார்த்தாள்.

ஜெசிந்தா கட் சொன்னாள்.

எல்லாரும் கிளையைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். அம்பலவாணன் காதில் எதுவும் விழவில்லை. அவர் ஓடிக்கொண்டிருந்தார்.

பர்வீன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். படிக்கட்டுக்கு வந்தாள். கம்பியை இறுகப் பிடித்தாள். ஒரு காலைக் கீழே நீட்டினாள். ஓடுகிற தரையைப் பார்த்ததுபோலச் சட்டென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். அப்படியே நின்றாள்.

ஜெசிந்தா அதைப் பார்த்தாள். ஜன்னல் வழியே தலையை நீட்டிக் குரல் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, வண்டியை நிறுத்துங்க. பர்வீன் இறங்கணும்."