திரைக்கு அப்பால் ஓர் உறுமல்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், மேற்கு மலையடிவாரத்தில் காரையூர்ச் சீமை என்று ஒரு சின்ன ராஜ்ஜியம் இருந்தது. அதை ஆண்டவர் செண்பகமாற ராஜா. கோபம் வந்தால் வீட்டைக் கொளுத்தச் சொல்வார், தணிந்தால் அதே வீட்டுக்குக் கூரை போட ஓலை அனுப்புவார். அப்படிப்பட்ட ராஜாவுக்கு மங்கை என்று ஒரே மகள். நாலு வயது.

ஒரு நாள் அந்தக் குழந்தை கையில் பணியாரத்தோடு வேட்டை நாய்களின் கொட்டடிக்குள் போய்விட்டது. அங்கே கட்டியிருந்த கோம்பை நாய் ஒன்று அவள் கழுத்தைக் கவ்வியது. ஆட்கள் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பல நாள் அறைக்குள்ளேயே கிடந்த ராஜா, சபைக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அது என்ன சாதி நாய்?"

வேட்டைப்படைத் தலைவர் மல்லப்பர் முந்திக்கொண்டார். "கோம்பை, மகாராஜா! அதன் ரத்தமே கொலைகார ரத்தம். நம் சிப்பிப்பாறை நாய்களைப் பாருங்கள், கன்றுக்குட்டி மாதிரி. கோம்பை கடிப்பதற்கென்றே பிறக்கிறது."

"அப்படியானால் என் சீமையில் ஒரு கோம்பைகூட உயிரோடு இருக்கக் கூடாது. தண்டோரா போடுங்கள்."

மந்திரி ஆவுடையப்பர் எழுந்தார். "மகாராஜா, கடித்தது ஒரு நாய்..."

"மந்திரியார் ஏன் துடிக்கிறார் தெரியுமா?" என்றார் மல்லப்பர். மந்திரி பதவி மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். "அவர் வீட்டிலும் ஒரு கோம்பை வளர்கிறது!"

மந்திரி நேரே வீட்டுக்குப் போனார். கயிற்றில் தன் நாயைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். கருவாயன் என்று பேர். அது சபையில் எல்லோரையும் பார்த்து வாலை ஆட்டியது, மல்லப்பரையும் பார்த்து ஆட்டியது. மந்திரி கயிற்றைக் காவலர் கையில் கொடுத்தார். சற்று நேரத்தில் வெளியே ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

"இப்போது என் வீட்டில் நாய் இல்லை, மகாராஜா. இனியாவது நான் சொல்வதைக் கேட்பீர்களா?"

ராஜாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ரத்தத்தில் குற்றமில்லை என்று நிரூபியும். அதுவரை தண்டோரா நிற்காது. தோற்றால் உம் பதவி மல்லப்பருக்கு."

மந்திரி மல்லப்பரிடம் திரும்பினார். "தலைவரே, உங்களுக்கு நாயைப் பார்த்ததுமே அதன் குணம் தெரிந்துவிடுமாமே?"

"பார்க்கவே வேண்டாம்! உறுமலைக் கேட்டாலே எந்த நாய் என்று சொல்லுவேன்."

அந்த வார்த்தைக்குத்தான் மந்திரி காத்திருந்தார். மறுநாளே முற்றத்தில் திரை கட்டினார். ஊர் வீடுகளிலிருந்தும் அரண்மனைக் கொட்டடியிலிருந்தும் இரண்டு வகை நாய்களையும் வரவழைத்தார். கொல்லப் பிடித்து வைத்திருந்த கோம்பைகளும் அதில் இருந்தன. நாய்கள் முன்பின் பார்த்திராத ஓர் ஆள், கறிச்சோற்றுக் கிண்ணத்தை வைத்து, நாய் வாய் வைத்ததும் நீளக் கழியால் கிண்ணத்தை இழுக்க வேண்டும். எல்லா நாய்க்கும் அதே ஆள், அதே கிண்ணம், அதே கழி.

முதல் நாய் உறுமிய உறுமலில் திரையே அதிர்ந்தது. கழி பல்லில் நொறுங்கும் சத்தம் கேட்டது.

"கோம்பை!" என்றார் மல்லப்பர்.

திரையை விலக்கினார்கள். சிப்பிப்பாறை. அதுவும் அவர் கொட்டடி நாய்.

அடுத்த நாய் சோறு போனதும் சும்மா முனகியது. "இது சிப்பிப்பாறை!" என்றார். திரைக்குப் பின்னால் குயவர் வீட்டுக் கோம்பை நின்றது. சாயங்காலம்வரை இப்படியே நடந்தது. காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் அதே அளவுதான் சரியாக வந்திருக்கும். துக்க வீடு என்பதால் யாரும் சிரிக்கவில்லை.

"அப்படியானால் எல்லா நாயும் ஒன்றுதானா?" என்று கேட்டார் ராஜா.

"இல்லை, மகாராஜா. கோம்பை அந்நியரைக் கண்டால் கூடுதலாகக் குரைக்கிறது. சிப்பிப்பாறை ஓடுவதையெல்லாம் துரத்துகிறது. வம்சத்துக்கு வம்சம் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. ஆனால் ஒரே வம்சத்துக்குள்ளே ஒன்று பசுவாக இருக்கிறது, ஒன்று புலியாக இருக்கிறது. வம்சத்தின் பேரை வைத்து எது கடிக்கும் என்று சொல்ல முடியவில்லை. நான் சோதித்ததும் கொஞ்ச நாய்களைத்தான். இன்னும் நிறைய நாய்களைப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கழியைக் கடித்தவற்றைத் தனியே கட்டியிருக்கிறேன். வந்து பாருங்கள்."

ராஜா போய்ப் பார்த்தார். கோம்பையும் இருந்தது, சிப்பிப்பாறையும் இருந்தது. அநேகமாக எல்லாவற்றின் கழுத்திலும் சங்கிலி அறுத்த புண். விலா எலும்பை எண்ணிவிடலாம். அத்தனையும் அரண்மனை நாய்கள்.

"மல்லப்பா, என்ன இது?"

மல்லப்பர் கை கூப்பினார். "பன்றி வேட்டைக்காக, மகாராஜா. இருட்டில் கட்டிப் பட்டினி போட்டு, கழியால் குத்தி... தாங்கள்தானே சொன்னீர்கள், நம் நாய்களுக்கு வெறி போதாது என்று."

ராஜா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "மந்திரியாரே, உமக்கு இது முன்பே தெரியுமா?" என்றார்.

"சந்தேகம் இருந்தது. தங்களைப் பற்றிய சந்தேகத்தைத் தங்களிடமே சொல்லி யார் பிழைத்திருக்கிறார்கள்?"

ராஜா மல்லப்பரின் வாளையும் தலைப்பாகையையும் பிடுங்கிச் சீமையை விட்டே துரத்தினார். "உன்னை வெட்டினால் என்னையும் வெட்ட வேண்டும், போ" என்றார். கொட்டடியை இடிக்கச் சொன்னார். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்கு நீட்டினார். மந்திரி வாங்கவில்லை. "கொன்றது போதும் என்று இன்னொரு தண்டோரா போடுங்கள். அதுவே எனக்குப் பரிசு" என்றார்.

தண்டோரா போட்டார்கள். ஊருக்கு ஊர் அறைந்தார்கள். ஆனால் ஒரு வீட்டிலிருந்தும் ஒரு கோம்பை வெளியே வரவில்லை. ஒளித்து வைத்திருப்பதைப் பிடிக்க ராஜா செய்யும் தந்திரம் என்றே சனங்கள் நினைத்தார்கள்.

மழைக்காலம் வந்து போயிற்று. ஒரு காலை ராஜா பல்லக்கில் போகையில், வண்ணார் தெருவில் ஒரு கோம்பைத் தாய் தன் குட்டிகளோடு வெயிலில் படுத்திருந்தது. ராஜா பல்லக்கை நிறுத்தி இறங்கினார். தெருவில் இருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். ஆளுக்கொரு குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தாயையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

காலித் தெருவில் ராஜா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பல்லக்கில் ஏறாமல் நடந்தே அரண்மனைக்குப் போனார்.