சிலுப்பன் வாங்கிய கிழியாத பை

மூங்கில் காட்டில் சிலுப்பன் என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தது. பயந்தால் முள்ளைச் சிலிர்த்துக்கொள்வது முள்ளம்பன்றிகளின் வழக்கம்தான். ஆனால் சிலுப்பன் எதற்குத்தான் பயப்படாது! சருகு விழுந்தால் அதற்குத் தூக்கிவாரிப் போடும். தவளை கத்தினாலும் தூக்கிவாரிப் போடும். தன் தும்மலுக்குத் தானே பதறிப்போய் முள்ளை விரித்துக்கொண்டு நிற்கும். அப்படி ஒரு பிறவி!

அதனிடம் ஒரு கேமரா இருந்தது. காட்டைப் படம் எடுக்க வந்த ஒரு மனிதர், எதிரே யானை வந்ததும் பை, கேமரா எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஒரே ஓட்டமாக ஓடிவிட்டார். அவற்றை எடுத்துக்கொண்டது நம்ம சிலுப்பன். அன்றிலிருந்து அதற்குப் பகல் தூக்கம் போயிற்று. பூவைப் படம் எடுத்தது. புழுவைப் படம் எடுத்தது. பேட்டரி எப்படித் தீராமல் இருந்தது என்று கேட்காதீர்கள். முள்ளம்பன்றி படம் எடுத்ததை நம்பிவிட்டீர்கள், பேட்டரியில்தான் சந்தேகம் வருகிறதா?

அதற்கு இருந்த ஒரே தொல்லை பைதான். அந்த மனிதர் விட்டுப்போனது துணியால் தைத்த முதுகுப்பை. மாட்டிக்கொண்ட முதல் நாளே பக்கத்தில் ஒரு பலாப்பழம் தொப்பென்று விழுந்தது. "ஐயோ!" என்றது சிலுப்பன். முள்ளெல்லாம் எழுந்து நின்றது. பை சல்லடையாகிவிட்டது!

அடுத்து பாக்குமட்டையில் ஒரு பை செய்துகொண்டது. ஒரு மயில் திடீரென்று அகவியதில் அதுவும் போயிற்று. இரண்டு முறையும் பை முள்ளிலேயே குத்தி நின்றதால் கேமரா கீழே விழாமல் தப்பியது. ஆனால் சிலுப்பன் அதை நினைத்துப் பார்த்ததா? ஓட்டையைப் பார்த்துத்தான் அழுதது.

"எனக்குக் கிழியாத பை வேணும்! இந்தக் காட்டிலேயே திடமான பை வேணும்!" என்று பார்த்தவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டு திரிந்தது.

இந்த நேரத்தில்தான் ஆற்றங்கரை அத்திமரத்தில் வம்பு வந்தது.

அந்த மரத்தில் பூவாயி என்ற மந்தியும் அதன் கூட்டமும் குடியிருந்தன. அது கடுமையான கோடை. காட்டில் வேறு எந்த மரத்திலும் பழம் மிஞ்சவில்லை. பூவாயி அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. அத்திப்பழம் கிடைத்தால்தான் பால் சுரக்கும், பால் சுரந்தால்தான் குட்டி பிழைக்கும். ஆனால் நாள்தோறும் மரத்தடியில் ஒரு கிளை முறிந்து கிடந்தது.

"இந்தக் குரங்குங்க ஆடுற ஆட்டத்தில் மரமே பட்டுப்போகப் போகுது! துரத்துங்க இதுங்களை!" என்று காடெல்லாம் சொல்லித் திரிந்தது பெரியகருப்பு என்ற கரடி.

கிளையை முறித்தது யார் தெரியுமா? அதே பெரியகருப்புதான்! குரங்குகள் தண்ணீர் குடிக்கப் போகும் நேரம் பார்த்து மரத்தில் ஏறுவதும் அது, பழத்தைத் தின்பதும் அது, கிளையை ஒடிப்பதும் அது. பழி மட்டும் குரங்குகளுக்கு. அவை போய்விட்டால் மரம் முழுக்கத் தனக்குத்தானே என்று கணக்குப் போட்டது. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

வழக்கு மங்களம் என்ற யானையிடம் போனது. மலைமுகட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் இருந்த பெரும்பாறையில்தான் மங்களம் நியாயம் சொல்லும். இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டு அது சொன்னது: "நாளை மறுநாள் உச்சிப்பொழுதுக்குள்ளே ஆதாரம் கொண்டாங்க. இல்லாட்டி குரங்குக் கூட்டம் மரத்தைக் காலி பண்ணிடணும்."

பூவாயி ஆதாரத்துக்கு எங்கே போகும்? குட்டியை அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதது.

மறுநாள் காலையில் சிலுப்பன் ஆற்றங்கரைப் புதரில் உட்கார்ந்து ஒரு பட்டாம்பூச்சியைப் படம் எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. மேலே அத்திமரத்தில் மடமடவென்று ஒரு சத்தம்! பதறிப்போய் நிமிர்ந்ததில் கை தானாகவே பொத்தானை அழுத்திவிட்டது. பிறகு கேமராவின் சின்னத் திரையைப் பார்த்தது. 

கரடி! கையில் முறிந்த கிளை! வாய் நிறைய அத்திப்பழம்!

"அக்கா! பூவாயி அக்கா! ஓடிவாங்க!"

பூவாயி வந்து பார்த்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தது.

"அட படுபாவி! ஒண்ணும் தெரியாதவன் மாதிரி நேத்து எப்படிப் பேசினான்! தம்பி, நீ நல்லா இருக்கணும். என் பிள்ளையைக் காப்பாத்திட்டே. வா, இப்பவே கிளம்பலாம். குடு, நான் கையில் பிடிச்சுக்கிறேன்."

"கையிலயா! இது என்ன வெள்ளரிக்காயா? மலை ஏறணும் அக்கா. நழுவிட்டா?"

"அப்போ ஒரு துணியில் சுத்தி உன் வயித்தோட கட்டிக்கோ. வயித்துல முள் இல்லையே! நாங்க பிள்ளையை அப்படித்தானே தூக்கிக்கிட்டு மரத்துக்கு மரம் தாவறோம்?"

சிலுப்பனுக்குச் சுருக்கென்றது. "ஜீப்பில் வர்ற படக்காரங்க யாராவது கேமராவை வயித்தில் கட்டிக்கிட்டு வந்து பார்த்திருக்கீங்களா? எல்லாரும் முதுகில்தான் மாட்டிக்கிட்டு வராங்க! நான் குட்டியா சுமக்கிறேன்? கேமரா சுமக்கிறேன்! முதல்ல ஒரு நல்ல பை வாங்கணும். அப்புறம்தான் பயணம்."

உதவி கேட்கிற இடத்தில் எதிர்த்துப் பேச முடியுமா? பூவாயி கூடவே நடந்தது.

வாகை மரத்தடியில் ஒரு எறும்புத்தின்னி பை விற்றுக்கொண்டிருந்தது. மனிதர்கள் சாலையோரம் எறிந்துவிட்டுப் போகும் சாமான்களைப் பொறுக்கிவந்து பைகள் செய்யும். கெட்டிக்கார எறும்புத்தின்னி.

"அண்ணே! உங்ககிட்ட இருக்கிறதிலேயே திடமான பை எது?" என்று கேட்டது சிலுப்பன்.

"உள்ளே என்ன வைக்கப் போறே?"

"அது எதுக்கு உங்களுக்கு? எனக்குக் கிழியக் கூடாது. அவ்வளவுதான்!"

எறும்புத்தின்னி உள்ளே போய் ஒரு முதுகுப்பையை இழுத்துக்கொண்டு வந்தது. லாரி டயரை அறுத்துச் செய்த பை! கன்னங்கரேலென்று, விரல் தடிமனில் இருந்தது. பார்த்ததும் சிலுப்பன் வாயைப் பிளந்தது.

"இலவம்பஞ்சு கொஞ்சம் இருக்கு. உள்பக்கம் வச்சுத் தைச்சுத் தரட்டுமா?" என்றது எறும்புத்தின்னி.

"பஞ்சா! திடமான பை கேட்டா தலையணை குடுக்கிறீங்களே! அதெல்லாம் வேண்டாம்!"

வாங்குகிறவனே வேண்டாம் என்கிறான், விற்கிறவனுக்கு என்ன வந்தது? எறும்புத்தின்னி தோளைக் குலுக்கிக்கொண்டது.

பையைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றது சிலுப்பன். செய்தி பரவிக் கூட்டம் கூடிவிட்டது. முதலில் காட்டெருமை பையின் மேல் ஏறி நின்றது. பை கிழியவில்லை. "அம்மாடி!" என்றது கூட்டம். அடுத்து காட்டுப்பன்றி கடித்து இழுத்தது. பல் வலித்ததுதான் மிச்சம். "அடேங்கப்பா!" என்றது கூட்டம். பாறை உச்சியிலிருந்து உருட்டிவிட்டார்கள். பை அப்படியே இருந்தது. "ஆகா!" என்றது கூட்டம்.

கடைசியாக, காலிப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு சிலுப்பன் நடுவில் வந்து நின்றது. காட்டெருமை சத்தமில்லாமல் பின்னால் போய், "புலி! புலி!" என்று கத்தியது.

சிலுப்பன் துள்ளி விழுந்தது. முள் அத்தனையும் சடாரென்று எழுந்தது. எல்லாரும் ஓடிவந்து பையைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஓர் ஓட்டைகூட இல்லை! ஒரே கைதட்டல், ஒரே சீழ்க்கை!

பூவாயி மட்டும் கைதட்டவில்லை. அது பையையே உற்றுப் பார்த்தது.

"தம்பி, பை எம்பிக் குதிச்சு உன் பிடரிக்கு வந்துடுச்சே, கவனிச்சியா?"

"ஓட்டை விழுந்துதா? அதைச் சொல்லுங்க!"

"விழலை. ஆனா..."

"ஓட்டை இல்லைன்னா அப்புறம் என்ன ஆனா!" என்றது சிலுப்பன். கூட்டமும் பூவாயியைப் பார்த்துச் சிரித்தது.

மறுநாள் விடிந்ததும் இருவரும் கிளம்பினார்கள். சிலுப்பனின் முதுகில் டயர்ப் பை. பைக்குள் கேமராவும் நீளமான லென்ஸும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன. பூவாயியின் வயிற்றைக் கட்டிக்கொண்டு குட்டி வந்தது. இரண்டு நாளாகச் சரியாகத் தின்னாததால் பூவாயிக்கு நடக்கவே தெம்பில்லை. இருந்தாலும் நடந்தது.

முகட்டின் மேல் ஏறிவிட்டார்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். அங்கிருந்து பார்த்தால் கீழே பெரும்பாறை தெரிந்தது. பாறையில் மங்களம் நின்றது. பக்கத்தில் பெரியகருப்பு உட்கார்ந்திருந்தது.

"வந்துட்டோம் தம்பி! இன்னும் கொஞ்ச தூரம்தான்!" என்று பூவாயி சிரித்தது. அது சிரித்து எத்தனையோ நாளாகிவிட்டது.

அப்போது பார்த்து, சிலுப்பனின் மூக்குக்கு நேராகப் புல்லுக்குள்ளிருந்து ஒரு கௌதாரி விர்ர்ரென்று எழுந்து பறந்தது!

"ஐயையோ!"

முள் எல்லாம் எழுந்தது. துணிப்பையாக இருந்தால் முள் குத்தி நின்றிருக்கும். பாக்குமட்டையாக இருந்தாலும் நின்றிருக்கும். டயரில் முள் எங்கே இறங்கும்? அத்தனை முள்ளும் சேர்ந்து பையை உந்தித் தள்ளிவிட்டன. பை தலைக்கு மேலே எம்பியது. வார்கள் கழன்றன. பை பள்ளத்தில் போய் விழுந்தது.

டம்! டம்! டமால்!

இருவரும் பள்ளத்தை எட்டிப் பார்த்தார்கள். குட்டிகூடப் பால் குடிப்பதை நிறுத்திவிட்டது.

விழுந்தடித்துக்கொண்டு கீழே இறங்கினார்கள். ஒரு பாறை இடுக்கில் பை கிடந்தது. சிலுப்பன் ஓடிப்போய் அதை நாலாபக்கமும் திருப்பிப் பார்த்தது. அதன் முகம் மலர்ந்துவிட்டது!

"அக்கா! பார்த்தீங்களா! ஒரு கீறல் இல்லை! நான் சொன்னேனா இல்லையா! பைன்னா இது பை!"

"உள்ளே பாரு" என்றது பூவாயி.

சிலுப்பன் பையைத் தூக்கியது. உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது. அவசரமாகத் திறந்தது. லென்ஸ் பொடிப்பொடியாக நொறுங்கியிருந்தது. கேமரா இரண்டாகப் பிளந்து கிடந்தது. சின்னத் திரை இருண்டுபோயிருந்தது. சிலுப்பன் அதை அழுத்திப் பார்த்தது. தட்டிப் பார்த்தது. வாயால் ஊதிக்கூடப் பார்த்தது. கரடி திரும்பி வரவே இல்லை.

சருகுக்கெல்லாம் சிலிர்த்துக்கொள்கிற சிலுப்பன் அப்போது சிலிர்க்கவில்லை. முள்ளெல்லாம் முதுகோடு படுத்துவிட்டன. அப்படியே உட்கார்ந்துவிட்டது.

உச்சிப்பொழுது ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல் பெரும்பாறைக்குப் போனார்கள். படம் இருக்கிறதாம், பை வாங்கினார்களாம் என்ற செய்தி பெரியகருப்பின் காதுக்கு முன்பே எட்டியிருந்தது. சிலுப்பன் வருவதைக் கண்டதும் கரடி, ஓடிவிடலாமா என்றுகூட எழுந்து நின்றது.

சிலுப்பன் பையைக் கவிழ்த்தது. பாறையில் கண்ணாடித் துண்டுகள் கொட்டின.

"இது என்னப்பா?" என்று கேட்டது மங்களம்.

"ஆதாரம், பெரியம்மா. இதில்தான் இருந்தது. கரடி கிளையை ஒடிச்சதை நான் படம் எடுத்தேன். சத்தியமா எடுத்தேன்!"

"நானும் பார்த்தேன் பெரியம்மா! என் பிள்ளை மேல சத்தியம்!" என்றது பூவாயி.

மங்களம் நீண்ட பெருமூச்சு விட்டது. "நீங்க பார்த்திருப்பீங்க. நான் பார்க்கலையே! கரடியும்தான் சத்தியம் பண்ணுது. யார் சத்தியத்தை எடுத்து யார் சத்தியத்தைத் தள்ளுவேன்? சொன்ன சொல்லை மாத்த முடியாதும்மா. மரத்தைக் காலி பண்ணிடுங்க."

பெரியகருப்புக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மெல்ல வந்து பையைத் தூக்கிப் பார்த்தது. தட்டிப் பார்த்தது. இழுத்துப் பார்த்தது.

"அடேங்கப்பா! அந்த முகட்டிலிருந்து விழுந்துமா கிழியலை? பிரமாதமான பை! எங்கே வாங்கினே தம்பி?"

சிலுப்பன் பூவாயியைத் திரும்பிப் பார்த்தது. பூவாயி ஏதாவது திட்டினால் தேவலாம் போலிருந்தது. ஆனால் பூவாயி திட்டவில்லை.

"அந்தக் கண்ணாடியை எல்லாம் பொறுக்கிடு தம்பி. யார் காலிலாவது குத்தப் போகுது" என்று மட்டும் சொன்னது. குட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை அழைத்துப்போக மலையில் ஏறியது. அந்தக் கோடையில் பழமுள்ள மரம் தேடி அவை எங்கே போயினவோ, அந்தக் குட்டிக்குப் பால் கிடைத்ததோ இல்லையோ, மூங்கில் காட்டில் யாருக்கும் தெரியாது.

சிலுப்பன் குனிந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கியது. பையைத் தொடக்கூட அதற்கு மனம் வரவில்லை. பாறையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டது.

அந்தப் பை இன்றுவரை கிழியவில்லை. பெரியகருப்பு அதை முதுகில் மாட்டிக்கொண்டு தினமும் அத்திமரத்தில் ஏறுகிறது. பை நிறையப் பழம் பறித்துக்கொண்டு இறங்குகிறது.

உள்ளே வைக்கும் பொருளையும் சுமக்கும் முதுகையும் எண்ணிப் பார்க்காமல் பையின் திடத்தை மட்டும் பார்த்து வாங்கினால், கடைசியில் பத்திரமாக இருப்பது பை மட்டும்தான்.