புலிக்குக் காவல் நின்ற கரடி

ஒரு காட்டில் சிங்கங்களின் பேரரசு இருந்தது, குழந்தைகளே. பாட்டன் முப்பாட்டன் காலத்து அரசு. உள்ளே நுழைய மலைநடுவே ஒரே கணவாய்தான். அங்கே வல்லுகிரன் என்ற கரடி காவல் நின்றது. அடுத்த மலைப் புலிகள்தான் அதற்குத் தூக்கத்திலும் நினைப்பு.

"பல்லைக் காட்டு! நகத்தைக் காட்டு!" யார் வந்தாலும் இதுதான் சோதனை. முயலானாலும் வாயைத் திறந்து காலை நீட்டியே ஆகவேண்டும்.

ஒருநாள் ஒரு கொண்டைக்குருவி அலகில் கறுத்த பழத்தோடு முறைப்படி வாசலில் வந்து இறங்கியது.

"இது என்ன?"

"உண்ணிப்பழம் ஐயா. இனிக்கும்."

கரடி பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "இதற்குப் பல்லும் இல்லை, நகமும் இல்லை. போ, போ" என்று சிரித்தது.

குருவி தின்று போட்ட கொட்டை முளைத்தது. முதல் மழைக்கு ஒரு புதர். அடுத்த மழைக்கு மேய்ச்சல் மேடு முழுக்க முட்புதர். பூ என்னவோ அழகுதான். ஆனால் அதன் அடியில் புல் முளைக்கவில்லை.

புள்ளிமான் பதறி ஓடி வந்தது. "காவலரே, மேய்ச்சல் போகிறது! மற்ற இடங்களிலாவது முளையிலேயே கிள்ளிவிடுங்கள்."

"புலிப்படையை எதிர்க்க நிற்பவன் நான். என்னைக் களை பிடுங்கச் சொல்கிறாயா?"

மான் தன் கூட்டத்தோடு காட்டைவிட்டே போய்விட்டது. பன்றிகள் போயின, காட்டெருமைகளும் போயின. வெளியே போகிறவர்களைச் சோதிக்கும் வழக்கம் அங்கே இல்லை. அதனால் கரடி யாரையும் ஏனென்று கேட்கவில்லை.

இரையில்லாமல் சிங்கங்கள் ஒவ்வொன்றாய் மடிந்தன. எழ முடியாமல் கிடந்த அரசர் கரடியை அழைத்தார்.

"வல்லுகிரா, எல்லை பத்திரமா?"

"பத்திரம் அரசே. ஒரு புலிகூட நுழையவில்லை."

"பிறகு ஏனப்பா நாம் அழிகிறோம்?"

கரடி வாய் திறப்பதற்குள் அரசர் கண்ணை மூடிவிட்டார்.

சில நாள் கழித்துப் புலி வந்தது. கரடி மெலிந்த கையை ஓங்கியது. "நில்! என்னைக் கொன்றுவிட்டு உள்ளே போ!"

புலி அதன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தது. கண்ணுக்கு எட்டியவரை முட்புதர்.

"உன்னை எதற்குக் கொல்ல வேண்டும்? உள்ளே வந்து நான் எதைத் தின்பேன்?" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பியது.

பகைவனுக்கும் வேண்டாமற்போன அந்த வாசலில் உட்கார்ந்து கரடி வாய்விட்டு அழுதது. பாவம், இனி அழுது என்ன செய்ய?

நீதி: பகைவனின் நகத்தை மட்டும் பார்த்துக் காவல் காப்பவன், ஒரு விதைக்கு நாட்டையே பறிகொடுப்பான்.